என் 1951 செவர்லே பிக்கப்புல எது 1951?

மக்களே, வணக்கம். ஷெட்டுக்குள்ள நிக்கிறேன், ஃபேன் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. டெக்சஸ் ஆகஸ்ட், ஆஃப் பண்ணா நான் வெந்துடுவேன்.

போன வீடியோல ஆயில் அழுத்தம் காட்டுற மீட்டர் கெட்டுப்போச்சுன்னு புலம்பினேன்ல? ஸ்டார்ட் பண்ணதுமே முள்ளு 30-ல போய் முட்டிக்கிட்டு நிக்குதுன்னு? பாவம், மீட்டர் மேல தப்பே இல்ல.

பேப்பர்ல இது 1951 செவர்லே 3100, அரை டன் வண்டி. அந்த வருஷத்து 3100-ல 216 கியூபிக் இன்ச், ஆறு சிலிண்டர் இன்ஜின் இருக்கணும். நானும் அதை நம்பி 216-க்கு வால்வு கவர் கேஸ்கட் வாங்கினேன். வெச்சுப் பார்த்தா ஒட்டவே மாட்டேங்குது. அப்பதான் இன்ஜினை ஒழுங்காப் பார்த்தேன்.

இங்க வாங்க, கிட்ட காட்டுறேன். 216-ல வால்வு கவரை மேல நடுவுல ரெண்டு நட்டு பிடிச்சிருக்கும். இதுல பாருங்க, ஓரத்துல நாலு ஸ்க்ரூ. அடுத்து பக்கவாட்டுல இந்தப் புஷ்ராட் கவர், அதாவது வால்வை இயக்குற கம்பிகளை மூடுற தகடு. 216-ல இது ஸ்பார்க் பிளக் வரைக்கும் உயரமா ஏறி நிக்கும். இதுல குட்டையா கீழயே முடிஞ்சிடுது. அப்போ இது பின்னாடி வந்த 235 கியூபிக் இன்ச் இன்ஜின்.

சந்தேகம் தீர, ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பிளாக்ல பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். அழுக்கு போனதும் வார்ப்பு நம்பர் வந்துச்சு: 3836848. அது 1958-லேர்ந்து வந்த பிளாக். பக்கத்துலயே கே, 14, 9. ஏ-ன்னா ஜனவரி, அப்படியே எண்ணிட்டு வந்தா கே நவம்பர். 14 தேதி, 9 வருஷம். வருஷத்துக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் போடுவாங்க. தேதியை மட்டும் பார்த்தா 1949-ன்னுகூட ஏமாறலாம். வார்ப்பு நம்பரோட சேர்த்துப் படிச்சாதான் 1959.

இப்போ மீட்டர் கதைக்கு வர்றேன். 216-ல கனெக்டிங் ராடு அடியில சின்னக் கரண்டி மாதிரி ஒண்ணு இருக்கும், அது ஆயிலை அள்ளி அடிச்சுக்கும். அழுத்தம் கம்மி, அதனால மீட்டர்ல 30 வரைக்கும்தான் கோடு. இந்த 235-ல ராடு பேரிங் வரைக்கும் பம்ப்பே அழுத்தி அனுப்புது. முள்ளு முட்டாம என்ன செய்யும்? யாரோ நல்ல மனுஷன் நல்ல இன்ஜினாப் பார்த்து மாத்தியிருக்கான், எனக்கு லாபம்தான்.

அப்போ வண்டியே 1951 இல்லையான்னு பயந்துட்டேன். கதவுத் தூண்ல இருக்கிற தகடு காப்பாத்துச்சு. 5, ஜே, பி (P), ஜி. 5 கான்சாஸ் சிட்டி ஆலை, ஜே 1951, பி அரை டன், ஜி ஜூலை. தகடைக் கழட்டி வேற வண்டியில மாட்டுறவங்களும் உண்டு, அதனால கேபினையும் பார்த்தேன். முன் கண்ணாடி ரெண்டு துண்டு. 1954-லதான் ஒரே கண்ணாடி ஆச்சு. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடி. 1949-லதான் அது உள்ள வந்துச்சு. டிரைவர் கதவுல முக்கோணக் கண்ணாடி இருக்கு, கைப்பிடி கீழே திருகுற வகை. இந்த ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்தது 1951-ல மட்டும்தான்.

சரி, அடுத்த பக்கத்துக் கதவுக்கு வாங்க. டொக்! பட்டன் கைப்பிடி. 1952-லதான் அது வந்துச்சு, அப்போ இந்தக் கதவு வேற வண்டியோடது. வித்தவர் "எல்லாமே ஒரிஜினல்"னு சத்தியம் பண்ணாத குறை.

60 வரைக்கும் காட்டுற மீட்டர் ஆர்டர் போட்டாச்சு. கதவை மாத்தப்போறதில்ல, நல்லா மூடுது. அந்த 216 கேஸ்கட் பிரிக்காம அப்படியே இருக்கு, யாருக்காவது வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க.