சகாபா 23: அவசரப்படாமல் ஒரு கிளாஸ்

வணக்கம் நண்பர்களே. முதலில் ஒன்று: மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு, சட்டப்படி வயது வந்தவர்கள் மட்டும் மேற்கொண்டு பாருங்கள்.

இன்றைக்கு மேசையில் இருப்பது குவாத்தமாலாவின் ரான் சகாபா 23 என்ற ரம். பாட்டிலின் நடுவில் ஒரு பின்னல் பட்டை தெரிகிறதா? காய்ந்த பனையோலையில் பின்னுவது, பெயர் பெட்டாத்தே. மாயா மக்கள் பாய் முடையும் அதே முறையில் அங்குள்ள பெண்கள் கையாலேயே பின்னித் தருகிறார்கள். முன்பெல்லாம் முழு பாட்டிலையும் இதில்தான் பொதிந்து விற்றார்கள். இந்த ரம் 1976இல், சகாபா என்ற ஊரின் நூற்றாண்டை ஒட்டி வந்தது.

சரி, அந்த 23க்கு வருவோம். உள்ளே இருப்பது எல்லாமே 23 வருட ரம் என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். அப்படி இல்லை. 6 முதல் 23 வருடம் வரை ஊறிய ரம்களின் கலவை இது. ஸ்பெயினின் ஹெரெஸ் ஊரில் ஷெர்ரி என்ற வைன் செய்பவர்களின் சொலேரா முறையைத் தழுவியது. அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய், உள்ளே மறுபடி கருக்கிய பீப்பாய், ஷெர்ரி பீப்பாய், கடைசியில் பெட்ரோ ஹிமேனெஸ் என்ற இனிப்பு வைன் பீப்பாய் என்று மாறி மாறிப் போகும், ஒவ்வொரு கட்டத்திலும் இளசும் முதிர்ந்ததும் கலக்கும். அதனால் இதில் வயதைத் தேடாதீர்கள், கலந்தவரின் கைப்பக்குவத்தைத் தேடுங்கள். அந்தக் கை லொரேனா வாஸ்கெஸ் என்ற பெண்மணியுடையது. நிகராகுவாவில் பிறந்தவர், பல பத்தாண்டுகளாக இந்த ரம்மின் தலைமைக் கலவையாளர். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

பெரும்பாலான ரம், சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸ் என்ற கரும்பாகிலிருந்து வரும். இது கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகிலிருந்து வருகிறது. வடிப்பது கீழே, வெக்கையான ரெத்தாலுலேயு பக்கம். பீப்பாய்களை மட்டும் மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். கெட்சால்தெனாங்கோ, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர். வெப்பமண்டல வெயிலில் பீப்பாயிலிருந்து நிறைய ஆவியாகிவிடும், மரத்தின் சுவையும் சீக்கிரமே தூக்கலாகிவிடும். மலைக் குளிரில் எல்லாம் நிதானமாக நடக்கும்.

இப்போது ஊற்றுகிறேன். ஐஸ் வேண்டாம், கோலா வேண்டவே வேண்டாம். வாய் குறுகிய கிளாஸ், அரை அவுன்ஸ் போதும். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காதீர்கள், 40 சதவீத ஆல்கஹால், சுள்ளென்று ஏறும். கிளாஸைத் தாடைக்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். எனக்கு முதலில் வெனிலா, பிறகு உலர்திராட்சை, வறுத்த பாதாம், கொஞ்சம் தாமதமாகப் பழைய மரப்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு வாசம்.

முதல் வாயை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது நாக்கைப் பழக்க மட்டும்தான். இரண்டாவது வாயை நாக்கின் ஓரங்களுக்குப் போகவிடுங்கள். ம்ம்... கருகக் காய்ச்சிய சர்க்கரை, கோகோ, நடுவில் உலர்ந்த அத்திப்பழம். விழுங்கிய பிறகுதான் பீப்பாயின் ஓக் மரத் துவர்ப்பு மெதுவாக மேலே வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அந்தத் துவர்ப்பு மட்டும் இல்லையென்றால் இனிப்பு திகட்டிவிடும்.

இனிப்பு அதிகம் என்று ரம் ரசிகர்கள் பலர் இதைக் குறை சொல்வார்கள். நியாயமான குறைதான். ஆனால் வெறும் இனிப்பு இரண்டாவது வாய்க்கே அலுத்துவிடும், இது அலுக்கவில்லை. அப்புறம், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டும் பாருங்கள், ஷெர்ரியின் பழவாசம் முன்னால் வரும்.

வாய்ப்பிருந்தால் பக்கத்திலேயே நிகராகுவாவின் ஃப்ளோர் டே கான்யா 12ஐயும் ஊற்றிக்கொள்ளுங்கள். சான் கிறிஸ்தோபல் எரிமலை அடிவாரத்தில், சிச்சிகல்பாவில் 1890இல் தொடங்கியவர்கள். சர்க்கரை சேர்ப்பதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அது வறண்டது, மரம் நேரடியாகப் பேசும். முதலில் அதைச் சுவைத்துவிட்டு சகாபாவுக்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் ஃப்ளோர் டே கான்யா வெறும் கசப்பாகத்தான் தெரியும்.