தங்கவயலின் கல் தூசி

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களில் பலர் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர்கள். பாறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அந்தப் பாறையின் தூசி நெஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன்.

தங்கவயலில் தங்கம் குவார்ட்ஸ் பாறையோடு கலந்துதான் கிடந்தது. துளைபோட்டு, வெடிவைத்து, உடைத்து அள்ள வேண்டும். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. கண்ணுக்குத் தெரிகிற தூசியால் பெரிய ஆபத்தில்லை, மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வந்துவிடும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள் இருக்கிறதே, அதுதான் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பின் காவல் அணுக்கள் ஓடிவந்து அதை விழுங்குகின்றன. கல்லைச் செரிக்க முடியுமா? அணு செத்துப்போகிறது, துகள் மறுபடி வெளியே வருகிறது, அடுத்த அணு விழுங்குகிறது. இந்தக் கூத்து நடக்க நடக்க அந்த இடமே தழும்பேறி இறுகிப்போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், சரி. உள்ளே போன துகள் உள்ளேதான் இருக்கிறது. வேலை நின்ற பிறகும் தழும்பு வளரலாம்.

1940க்கும் 1946க்கும் இடையில் அங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். 43.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லைன் வீட்டு வரிசையை மனதில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் பலருக்குத் தெரியவில்லை? நுரையீரலில் நமக்கு அன்றாடம் தேவைப்படுவதைவிட நிறையக் கையிருப்பு உண்டு. அது கரைகிற வரை ஆள் நன்றாகத்தான் நடமாடுவார். மேடு ஏறும்போது பாதியில் நின்று வேட்டியைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்வார். வீட்டில் "வயசாயிடுச்சு" என்பார்கள். வயதானால் குறையும் என்பது உண்மைதான். நடுவயதுக்குப் பிறகு எல்லோருக்குமே முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று வருஷத்துக்குச் சுமார் 30 மில்லி குறையும். தூசியில் நின்றவருக்கு அதைவிட வேகமாகக் குறையலாம். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் ஊதுகிற ஸ்பைரோமெட்ரி சோதனையில் இது தெரியும். ஒருமுறை ஊதினால் போதாது. போன வருஷத்துச் சீட்டோடு ஒப்பிட்டால்தான் சரிவு பிடிபடும்.

அப்புறம் டி.பி. காவல் அணுக்கள் பழுதான நுரையீரலில் அந்தக் கிருமி எளிதாகக் குடியேறும். இரண்டுக்குமே இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் நிழல். டாக்டர் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்காமல் விட்டால் சீட்டில் டி.பி. மட்டும் ஏறும். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது. சிலிக்கோசிஸுக்கு இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சீட்டில் அந்தப் பெயரே இல்லையென்றால் எதைக் காட்டிக் கேட்பது?

அதனால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை வருஷம் இறங்கினேன், டிரில்லில் நின்றேனா, வெடித்த பிறகு கல் அள்ளினேனா என்று. பழைய எக்ஸ்ரே இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள்.