டிசம்பரில் வராத மகள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் பாளையங்கோட்டைப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பண்டிகை விடுமுறையை வெளிநாட்டிலேயே கழிக்கும் பிள்ளைகளுக்குப் பாசம் குறைந்துவிட்டதா, இல்லையா?’ இதுதான் இன்றைய வழக்கு. குறைந்தே விட்டது என்று எனக்கு முன்னால் பேசிய தம்பி அடித்துச் சொன்னார். வாசலில் தொங்கும் நட்சத்திரம், ஆள் இல்லாத நாற்காலி, தட்டில் ஆறிப்போன முறுக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். முறுக்கு ஆறினால்தான் தம்பி மொறுமொறுப்பு. இருந்தாலும் நன்றாகப் பேசினீர்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அதில் ஒருத்தி என் சொந்தத் தங்கை. வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் மகள் இங்கிலாந்தில், மான்செஸ்டரில் நர்ஸ். இந்த வருடத்தோடு மூன்று கிறிஸ்துமஸ் ஆயிற்று, அவள் வீட்டில் இல்லை. அப்படிப் பார்த்தால் இந்த மேடையில் அழுவதற்கு முதல் உரிமை எனக்குத்தான். ஆனால் நான் ‘குறையவில்லை’ அணியில் நிற்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2022 டிசம்பரில் அவள் வந்தாள். பதினான்கு நாள் விடுப்பு. வளைகுடாவில் இறங்கி ஏறி, திருவனந்தபுரம் வந்து, அங்கிருந்து நாகர்கோவில் வழியாகக் காரில் வீடு வந்து சேர்வதற்கும், திரும்பிப் போவதற்கும் மூன்று நாள் கழிந்தது. வந்த இரண்டு நாள் பகல் எது ராத்திரி எது என்று தெரியாமல் தூங்கி விழுந்தாள். அப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். பெரிய மாமா வீட்டுக்குப் போனால் சின்ன மாமா வீட்டுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் ஏப்ரல் வரைக்கும் பேச்சு. நாசரேத் அத்தை, தென்காசி சித்தி. அவள் இல்லாதபோது நடந்த மூன்று கல்யாணத்துக்கு வீடு தேடிப் போய் விசாரிப்பு. ஆதாருக்கு ஒரு நாள், பேங்குக்கு ஒரு நாள். 24ஆம் தேதி ராத்திரி கேரல் ரவுண்ட், விடிவதற்குள் ஆராதனை. இத்தனைக்கும் நடுவில் என்னோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவள் மனம் விட்டுப் பேசியது ஒரே ஒரு மதியம். அதுவும் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்ததால் கிடைத்த மதியம்.

ஊரே அவளைப் பார்த்தது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

அடுத்த கணக்குக்கு வருகிறேன். அங்கே அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் நர்ஸுக்கு வருடத்துக்கு 27 நாள் விடுப்பு. பொது விடுமுறை 8 நாள் தனி. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அதில் பெரிய பயணம் ஒன்றுதான் போக முடியும். போன செப்டம்பரில் இவளுடைய அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். பதினெட்டு நாள் வந்து கூட இருந்தாள். அவரை எழுப்பி நடக்க வைத்தாள், எந்த மாத்திரை எந்த நேரம் என்று நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி ஒட்டினாள், என்னை ராத்திரி தூங்க வைத்தாள். ஒரு வீட்டுக்கும் போகவில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவள் வந்ததே தெரியாது. டிசம்பருக்கு என்று விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தால் செப்டம்பரில் அவள் கையில் என்ன இருந்திருக்கும்? ஆனால் ஊர் பார்க்காத வரவு என்பதால் எதிரணியின் பாசக் கணக்கில் அது ஏறவே இல்லை.

‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்றார் எதிரணி அக்கா. மனம் இருக்கிறது அக்கா. மார்க்கத்துக்குத்தான் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைக்கு டிசம்பரில் விடுமுறை என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். சவுதியிலும் குவைத்திலும் டிசம்பர் 25 அரசு விடுமுறையே கிடையாது. தைப்பொங்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடுமுறை இருக்கிற இங்கிலாந்திலும் ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டா போவார்கள்? என் மகள் வார்டில் ஒரு வருடம் விடுப்பு எடுத்தவர் மறு வருடம் டூட்டி பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அங்கே ரயில் ஓடாது, மத்தியானம் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டில் நாலு பேர் சேர்ந்து டாக்சி பிடித்து வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தி பாலக்காடு, ஒருத்தி பிலிப்பைன்ஸ், ஒருத்தி நேபாளம், ஒருத்தி நம்ம பாளையங்கோட்டை.

இங்கே அதிகாலை ஐந்து மணி ஆராதனை தொடங்கும்போது அங்கே 24ஆம் தேதி இரவு பதினொன்றரை. போன வருடம் அவளுக்கு அப்போது இடைவேளை. நான் போனைச் சேலை மடிப்பில் வைத்துக்கொண்டு பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேசவில்லை. மூன்று பாட்டு கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். இதைப் பாசம் குறைந்த பிள்ளை என்று எந்தக் கோர்ட் சொல்லும்?

2023 டிசம்பர் 17, 18 இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நாங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் தைரியமாகவே இருந்தோம். அங்கே அவள் இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கிடைத்த நம்பருக்கெல்லாம் அடித்திருக்கிறாள், கடைசியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் வரைக்கும். அந்த இரண்டு நாள் தனியாக இருந்தது நாங்களா, அவளா?

இன்னொன்று. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். என் தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய்க் கடை வைத்தவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். அவர் இல்லாமல் எத்தனை கிறிஸ்துமஸ், கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனம் எத்தனை. ஒருத்தராவது அவருக்குப் பாசம் இல்லை என்றார்களா? ‘கொழும்புக்காரர்’ என்று பெருமையாகத்தான் சொன்னார்கள். இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் துபாயிலிருந்து வராவிட்டால் ‘லீவு கிடைக்கல போல’. என் மகள் வராவிட்டால் ‘பிள்ளை மாறிட்டா’. அதே கடல், அதே பிழைப்பு. போனது பெண் பிள்ளை என்பதால் பட்டிமன்றம் வைக்கிறோம்.

வலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 24ஆம் தேதி சாயங்காலம் நட்சத்திரத்துக்கு லைட் போடும்போது ஸ்டூலைப் பிடிக்க ஆள் இல்லை. வலி எனக்கு. அதற்குக் குற்றவாளிக் கூண்டில் அவளை ஏற்றாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். முடிக்கிறேன் ஐயா. இங்கே மணி எட்டு என்றால் அங்கே மத்தியானம் இரண்டரை, இன்றைக்கு நைட் டூட்டி என்பதால் அவள் தூங்கி எழுந்து என்னைக் கூப்பிடுகிற நேரம். தீர்ப்பை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும்போது போன் அடித்தால் நான் மேடையில் இருக்க மாட்டேன்.