33 நிமிடத்தில் ஒரு கதை

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க கன்ட்ரி இசையில், அதாவது அங்கே கிராமப்புறப் பாட்டுகளிலிருந்து வளர்ந்த இசையில், ஓர் ஆல்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது 1975இல் பாடகர் வில்லி நெல்சன் வெளியிட்ட 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' (செம்முடி அந்நியன்). கன்ட்ரி ஆல்பங்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1986இல் இருபது லட்சம் பிரதிகளுக்கான இரட்டை பிளாட்டினம் சான்றிதழும் கிடைத்தது. இவ்வளவு விற்ற ஆல்பத்தைப் போட்டுப் பார்த்தால், பல இடங்களில் ஒரு கிட்டாரும் ஒரு குரலும்தான் கேட்கும். அதனால்தான் அது விற்றது என்று நான் நம்புகிறேன்.

அன்றைக்கு கன்ட்ரி இசையின் தலைநகரம் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம். பாடகரின் குரலுக்குப் பின்னால் வயலின்கள், கோரஸ் என்று நிரப்புவது அங்கே வழக்கம். அறுபதுகளில் வில்லி அங்கே பாட்டெழுதிப் பேர் வாங்கினார். பாடகி பேட்ஸி க்ளைன் பாடிய 'க்ரேஸி' பாட்டு அவர் எழுதியதுதான். ஆனால் பாடகராகப் பெரிதாக எடுபடவில்லை. தாளத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ சொல்லை இறக்குவது அவர் பாணி. அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே அது எப்படி எடுபடும்?

எழுபதுகளின் தொடக்கத்தில் சொந்த மாநிலமான டெக்சாஸுக்கே திரும்பிவிட்டார். அப்புறம் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், ஆல்பம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டார். டல்லஸ் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில், தன் குழுவோடு சில ஆயிரம் டாலர் செலவில் பதிவை முடித்தார். பியானோ வாசித்தது அக்கா பாபி. கேட்ட நிறுவன அதிகாரிகள், இது வெறும் மாதிரிப் பதிவு, இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றே நினைத்தார்கள். உரிமை வில்லியிடம் இருந்ததால் அப்படியே வெளிவந்தது.

ஆல்பம் முழுக்க ஒரே கதை. தன்னை விட்டுப் போன மனைவியையும் அவள் காதலனையும் சுட்டுக் கொல்கிறான் ஒரு போதகன். பிறகு குதிரையில் அலைகிறான். வழியில், மனைவியின் குதிரையைத் தொட்டதற்காக இன்னொரு பெண்ணையும் கொல்கிறான். அந்தச் சாவை அவ்வளவு சுலபமாகக் கடந்து போவது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இந்த ஆல்பத்தில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்'. ஃப்ரெட் ரோஸ் நாற்பதுகளில் எழுதிய பாட்டு. மழையில் அழுதபடி விடைபெற்ற காதலியை நினைத்துப் பாடுவது. தனியாகக் கேட்டால் சாதாரணப் பிரிவுப் பாட்டு. வில்லி அதைக் கொலைக்கு அடுத்து வைத்தார். இப்போது பாடுகிறவன், அவளைத் தன் கையாலேயே கொன்றவன். பாட்டின் பொருளே வேறாகிவிட்டது. குரலை உயர்த்துவதில்லை, கதறுவதில்லை. இடையில் நைலான் கம்பி கிட்டாரில் கொஞ்சம் வாசிக்கிறார், திரும்பப் பாடுகிறார், இரண்டரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார். கன்ட்ரி பாட்டுகளின் பட்டியலில் பாடகராக அவருக்கு முதல்முறை முதலிடம் தந்தது இந்தப் பாட்டுதான். அப்போது வயது 42. கிராமி விருதும் வந்தது.

கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மொத்தமே 33 நிமிடம்தான். முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.