கால்விரலில் அட்ரினலின் கலந்த ஊசி

நேயர்களுக்கு வணக்கம். கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கிவிட்டால், அதை எடுக்கும் முன் லிக்னோகெய்ன் ஊசி போட்டு விரலை மரத்துப்போகச் செய்வோம். அந்த மருந்து ரத்தநாளங்களைச் சற்றே விரித்துவிடும். ரத்தம் கசியும், மரப்பும் சீக்கிரம் விலகும். அட்ரினலின் சேர்ப்பது இதற்காகத்தான். நாளங்கள் சுருங்கும், மரப்பு நீடிக்கும்.

‘விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும்’ என்று பல தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். விரல்கள் கருகியது உண்மை. ஆனால் பெரும்பாலும் 1950-க்கு முன்பு, புரொகெய்ன், கொக்கெய்ன் என்ற பழைய மரப்பு மருந்துகளின் காலத்தில். பழசாகும் புரொகெய்ன் கடும் அமிலமாக மாறும். ரத்தம் வராமலிருக்க விரலில் போடும் ரப்பர் கட்டு இறுகியதும் விரலைக் கெடுத்திருக்கிறது. 2005-ல் கனடாவின் அறுவை மருத்துவர் டொனால்ட் லலோண்ட் குழு, அட்ரினலின் ஊசி போட்டுச் செய்த கை, கைவிரல் சிகிச்சைகள் 3,110-இன் முடிவை வெளியிட்டது. ஒரு விரலும் போகவில்லை.

அது கையில் கண்டது என்பதை மறக்கக்கூடாது. தமனி அடைப்பு காலில்தான் அதிகம். எனவே ஊசிக்கு முன் புறங்காலிலும் உள்கணுக்காலின் பின்புறமும் நாடி பாருங்கள். நாடி தட்டுப்படாவிட்டாலும், கைகால் ரத்தநாளங்களை அடைக்கும் பர்ஜர் நோயோ, குளிரில் விரல் வெளுக்கும் ரேனோ நோயோ இருந்தாலும் அட்ரினலின் வேண்டாம்; வெறும் லிக்னோகெய்ன் போதும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதல் கவனம் தேவை. இதயத்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். அதோடு அட்ரினலின் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறலாம்.

2 லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் போதும். கலந்தே வரும் குப்பிதான் பாதுகாப்பு. கையால் கலப்பதானால் 20 மி.லி. லிக்னோகெய்னுக்கு, மில்லிலிட்டரில் 1 மி.கி. உள்ள அட்ரினலின் 0.1 மி.லி. மட்டும். அவசரத்தில் 1 மி.லி. ஆம்பூலை (சிறு கண்ணாடிக் குப்பியை) முழுதாக ஊற்றினால் பத்து மடங்காகிவிடும். எனக்குப் பெரிய அச்சம் இதுதான். நிறம் மாறிய மருந்தைக் கொட்டிவிடுங்கள்.

ஒரு விரலுக்கு 2 முதல் 3 மி.லி. போதும், அடிப்பகுதியில் இருபுறமும். ஊசி நாளத்துக்குள் இல்லை என்று பின்னிழுத்துப் பார்த்தபின் மெல்லச் செலுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும், உடனே கத்தியை எடுக்கத் தோன்றும். நாளங்கள் முழுதாகச் சுருங்க ஏறத்தாழ 25 நிமிடம் வேண்டும். அதற்குள் வெட்டிவிட்டு ‘ரத்தம் நிற்கவில்லை’ என்றால் தவறு மருந்தினுடையது அல்ல.

விரல் வெளுப்பது இயல்பு. நிறம் திரும்பத் தாமதித்தால் முதலில் ரப்பர் கட்டு மறந்து கிடக்கிறதா, கட்டுத்துணி இறுக்கமா என்று பாருங்கள். பிறகு அட்ரினலினை முறிக்கும் பென்டோலமின் 1 மி.கி.யை 1 மி.லி. உப்புநீரில் கலந்து அதே இடத்தில் செலுத்தினால் நாளங்கள் விரியும். அந்த மருந்து கைவசம் இருக்கிறதா என்று அறுவைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.