பின்பாட்டுக்காரர் எடுக்கும் வரி

(வேலூரில் பாட்டெழுதிப் பழகும் இளைஞர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பல்லவி எழுதுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். நான் கூத்து பார்த்து வளர்ந்தவன். அதனால் அங்கிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும்.

செய்யாறு பக்கம் எங்கள் பாட்டி ஊரில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பத்து வயதுப் பையன் எவ்வளவு நேரம் முழித்திருப்பான்? கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனதும் கோணிப்பை மேல் சுருண்டுவிடுவேன். வேஷக்காரர் தனியாகப் பாடுகிறவரை நல்ல தூக்கம். பின்பாட்டு எழுந்தால் கண் திறந்துவிடும். மறுநாள் காலை பல் துலக்கும்போது கதையில் பாதி மறந்திருக்கும், பின்பாட்டு வரி மட்டும் வாயில் ஓடிக்கொண்டிருக்கும்.

கூத்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வேஷக்காரர் முன்னால் நின்று ஒரு வரி பாடுவார். பின்னால் பலகையில் இருக்கும் பெட்டிக்காரர், அதாவது ஆர்மோனியம் வாசிப்பவர், மிருதங்கக்காரர், அந்த நேரத்தில் வேலையில்லாத மற்ற வேஷக்காரர்கள் எல்லோரும் அதை வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் முன்னால் இருப்பவர் மூச்சு வாங்குவார், அடவு போடுவார், கிறுக்கி சுற்றுவார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குப் பாட்டு போய்ச் சேர்ந்ததும் இவர்களால்தான். இவர்கள் இல்லையென்றால் கர்ணனுக்கு நடுராத்திரியிலேயே தொண்டை கட்டிவிடும்!

நீங்கள் ஹூக் என்கிறீர்கள், கோரஸ் என்கிறீர்கள். பெயர் எதுவோ இருக்கட்டும். எழுதும்போது அந்தப் பின்பாட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் தாள் கிடையாது. வரியை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். உடனே எடுக்க வேண்டும்.

இதில் முதல் சிக்கல் வரியின் கடைசி எழுத்து. போன வாரம் ஒரு தம்பி பாலாற்றைப் பற்றி ஒரு பாட்டு கொண்டுவந்தார். 'பாலாற்றில் நீரோட்டம் நின்றது' என்பது பல்லவி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடிப் பாருங்கள். கடைசியில் 'து', குற்றியலுகரம். இலக்கணமே அதைக் குறுக்கி ஒலிக்கச் சொல்கிறது, நாம் அதைப் பிடித்து நீட்டினால் 'நின்றதூஊஊ' என்று ஊளையாகிவிடும். பத்துப் பேர் சேர்ந்து பாடினால் கேட்கவே வேண்டாம். ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடிகிற வரியில்தான் கூட்டம் இளைப்பாற முடியும். நாட்டுப்பாட்டில் அம்மா, ராசாவே, ஏலேலோ என்று முடிவது சும்மா இல்லை.

அருணகிரிநாதரையே பாருங்கள். அவர் பேரோடு சேர்ந்த திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டம்தான், ஆகவே கொஞ்சம் உரிமையோடு பேசலாம். திருப்புகழின் நடுப்பகுதி பலருக்குப் புரிவதில்லை, எனக்கும் பல இடங்கள் புரிவதில்லை. சந்தம் குதிரை மாதிரி ஓடும். ஆனால் அடிக்கு அடி 'தனதான' என்பது போல ஒரு தொங்கல் வந்து நிற்கும். நமக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். முடிவில் 'பெருமாளே' வந்ததும் வள்ளிமலைப் படியில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகூடச் சேர்ந்துகொள்வார். அங்கேயும் கடைசியில் ஏகாரம்தான்.

சரி, தம்பியின் பல்லவிக்கு வருவோம். இரண்டு பேரும் உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம்:

ஆத்துல தண்ணி வருதா – அக்கா
ஆத்துல தண்ணி வருதா?

இப்போது இது கேள்வி. கேள்வி என்றால் பதில் வரும்வரை பாட்டு முடியாது, சரணத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பாட்டுகளில் பெரும்பாலும் சரணம் முதலில் வந்து மெல்ல ஏறி கோரஸில் உச்சிக்குப் போகும். நம் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடுகிறது, சரணம்தான் மேலே ஏறி மறுபடி பல்லவியில் இறங்குகிறது. அந்த இறங்கும் படிதான் சரணத்தின் கடைசி வரி. நான் பார்த்த வரையில் புதிதாக எழுதுகிறவர்கள் வழுக்குவது அங்கேதான். சரணத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள், அப்புறம் பல்லவி ஒட்டுப் போட்ட மாதிரி தனியாக நிற்கிறது.

முதல் சரணம் இப்படி முடிகிறது: 'மணல தோண்டி குடத்த வெச்சு கேக்குறேன்.' உடனே பல்லவி. தாகம்.

இரண்டாவது: 'பொண்ணு கொடுக்க வந்தவங்க கேக்குறாங்க.' அதே பல்லவி. பெண்ணின் அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் அக்கா என்கிறாள். இந்த வீட்டு நிலத்தை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாமா என்பதுதான் அவள் கேட்கிற கேள்வி.

மூன்றாவதுக்கு நாங்கள் ரொம்ப நேரம் திணறினோம். இன்னொரு சோக வரி எழுதினால் இரண்டாவதே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அப்புறம் தம்பிக்கு 2021 நவம்பர் ஞாபகம் வந்தது. வறண்டு கிடந்த பாலாறு கரை கொள்ளாமல் வந்ததே, அந்த நவம்பர். எழுதினார்: 'நடுராத்திரி கதவ தட்டி கேக்குறா.' அதே பல்லவிதான், ஒரு எழுத்து மாறவில்லை. இதுவரை தண்ணீருக்கு ஏங்கிய வரியில் இப்போது பயம் வந்துவிட்டது.

பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் அனுபல்லவி வேண்டுமா என்று ஒருவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். சினிமாப் பாட்டில் அது பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இடையிசை இசையமைப்பாளர் பாடு, நான் தலையிட மாட்டேன்.

பேச்சு போதும். அந்தப் பெட்டியை இப்படித் தள்ளுங்கள், யாராவது சுருதி கொடுங்கள். மூன்றாவது சரணத்தை நான் பாடுகிறேன். பின்பாட்டு நீங்கள். தாளைப் பார்க்காதீர்கள்.