31 எடுத்தா ஹைஸ்கூல் டிப்ளோமாவா?! அப்புறம் தமிழ்ல பேசினா கிரெடிட்டா?!

வணக்கம் மக்களே! அமெரிக்க ராணுவத்துல சேர எழுதுற பரீட்சை ஒண்ணு இருக்கு, பேரு ஆஸ்வாப். அதுல 31 வாங்கினா ஒரு மாநிலத்துல ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கான, அதாவது பன்னிரண்டாவது முடிச்ச சர்டிபிகேட்டுக்கான, ஒரு கண்டிஷன் முடிஞ்சுது, ராணுவத்துல சேரவே வேணாம். ஸ்கிப் பண்ணாம பாருங்க, அந்த 31-ஐ முக்கால்வாசிப் பேர் தப்பா புரிஞ்சுக்கிறாங்க.

மாநிலம் எதுன்னா வாஷிங்டன். வெள்ளை மாளிகை இருக்குற ஊரு இல்லங்க, சியாட்டில் இருக்குற மாநிலம். 2008 பேட்ச்ல இருந்து ஸ்டேட் டெஸ்ட் பாஸ் பண்ணாதான் டிப்ளோமான்னு கொண்டுவந்தாங்க, அப்புறம் டெஸ்ட் பேரு மாறிச்சு, ரூல் மாறிச்சு, 2019ல புது சட்டம் போட்டு அந்த ஒத்த டெஸ்ட் கட்டாயத்தையே தூக்கிட்டாங்க. ஹிஸ்டரி அவ்ளோதான்.

இப்ப என்ன வேணும்? 24 கிரெடிட் (பாடம் முடிச்சா கிடைக்கிற புள்ளி), ஹைஸ்கூலுக்கு அப்புறம் என்ன பண்ணப்போறோம்னு ஒரு பிளான், கூடவே ஒரு ‘கிராஜுவேஷன் பாத்வே’, அதாவது அடுத்த கட்டத்துக்கு ரெடின்னு காட்டுற ஒரு வழி. இந்த பாத்வேலதான் நிறைய கதவு. ஸ்டேட் டெஸ்ட் ஸ்கோர் காட்டலாம், காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற எஸ்ஏடி, ஏசிடி ஸ்கோர் காட்டலாம், காலேஜ் லெவல் பாடமான ஏபி கோர்ஸ் எடுக்கலாம், ஹைஸ்கூல்ல இருந்துகிட்டே காலேஜ் கிரெடிட் வாங்கலாம், வெல்டிங் மாதிரி தொழில் படிப்புல தொடர்ச்சியா 2 கிரெடிட் முடிக்கலாம், 2023ல வந்த சட்டத்தால செஞ்சு காட்டுற ப்ராஜெக்டும் சேர்ந்துடுச்சு.

(ஸ்கிரீன்ல பெருசா: 31)

இப்ப நம்ம ஹீரோ, ஆஸ்வாப்ல எடுக்குற 31, அதுவும் ஒரு பாத்வேதான். இது நம்ம ஊரு 35 மார்க் பாஸ் மாதிரி இல்லங்க, பெர்சன்டைல். 1997ல 18லேருந்து 23 வயசு வரைக்கும் இருந்த இளைஞர்கள்ல ஒரு சாம்பிள் எடுத்து வச்சிருக்காங்க, அதுல 100ல 31 பேருக்குச் சமமாவோ மேலயோ நீங்க பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். ஆர்மில சேர குறைஞ்சபட்சம் கேக்குற அளவு அதுதான். கணக்கும் இங்கிலீஷும் வச்சுத்தான் அந்த ஸ்கோர் வருது. ஸ்கோர் ஆள் எடுக்குறவங்க கைக்குப் போகாத மாதிரி ஸ்கூல் செலக்ட் பண்ண முடியும், பெத்தவங்க அத முன்னாடியே கேட்டுடுங்க. முக்கியமா, 31 வந்துடுச்சுன்னு உக்காந்துடாதீங்க, 24 கிரெடிட் அப்படியேதான் நிக்குது.

அந்த 24ல இங்கிலீஷ் 4, மேத்ஸ் 3னு போயி, வேற மொழிக்கு 2 இருக்கு பாருங்க, எனக்கு இந்த வீடியோ பண்ணணும்னு தோணினதே அதனாலதான்! கிளாஸ்ல உக்காராம, ஏற்கனவே தெரிஞ்ச மொழிய டெஸ்ட் எழுதிக் காட்டி கிரெடிட் வாங்கலாம், 4 கிரெடிட் வரைக்கும். ஸ்டாம்ப்னு ஒரு டெஸ்ட், அதுல தமிழும் இருக்கு! எழுதணும், பேசணும், ரெண்டும்.

தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இதுக்கு ப்ராக்டிஸ் பண்றத பக்கத்துல உக்காந்து பார்த்தேன். ஹெட்செட் மாட்டிகிட்டு லீவுக்கு மதுரை போன கதைய சொல்லுது, பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு அண்ணன்கூட சண்ட போட்டது வரைக்கும் மூச்சு விடாம, அவ்ளோ சரளம். எழுதச் சொன்னா ‘பாட்டி கோழிக் கரி வச்சாங்க’ன்னு எழுதிட்டு பேனாவ வச்சுட்டு யோசிக்குது, ‘கறி’யா ‘கரி’யான்னு. அவங்க அம்மா ஒண்ணும் சொல்லல. ரெண்டு நிமிஷம் கழிச்சு அதுவே அடிச்சு மாத்திச்சு பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. வீட்டுல பேசுற பாஷைக்கு ஒரு அரசாங்கம் கிரெடிட் குடுக்குதுன்னா, அந்தப் பிள்ளைக்கு அது எவ்ளோ பெரிய மரியாத! மெக்சிகோ, சோமாலியா, வியட்நாம்னு வந்த குடும்பத்துப் பிள்ளைங்களுக்கும் இதே வழிதான்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு கோவம் இருக்கு. எல்லா பாத்வேயும் எல்லா ஊர்லயும் கிடையாது. எதெல்லாம் வைக்கணும்னு அந்தந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே, அதாவது அந்த ஏரியா ஸ்கூல்கள நடத்துற நிர்வாகமே, முடிவு பண்ணிக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, எல்லாத்தையும் வைங்கன்னு ஊக்கப்படுத்துறதோட நிறுத்திக்கிட்டாங்க. சின்ன ஊர்ல இருக்குற ஸ்கூல்ல தொழில் படிப்புக்கு வாத்தியார் கிடைக்கலன்னா அந்தக் கதவு பேப்பர்ல மட்டும்தான திறந்திருக்கும்? டெஸ்ட் வராத பையன், கை வேலைல கில்லாடி, அவனுக்காகத்தான இத கொண்டுவந்தாங்க?

அதனால அங்க பிள்ளைங்கள வச்சிருக்குற அக்கா, அண்ணா எல்லாரும் ஒன்பதாவதுலயே ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட போயி, ‘இந்த ஸ்கூல்ல எந்தெந்த பாத்வே இருக்கு, தமிழ் டெஸ்ட் எப்ப வைப்பீங்க’ன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு மறக்காம கமெண்ட்ல போடுங்க, உங்க டிஸ்ட்ரிக்ட் பேரோட.